முதலாளிக்காக நான் சாப்பிட்ட தபசுக்காலம்

சேசு மரி சூசை

தர்மபுரி,
பெரிய சனிக்கிழமை, 28-3-1970

தங்கவயலில் வாழும் என் பிரியமுள்ள அக்கா மதலேனம்மாள் அவர்களுக்கு, தம்பி சவுரியப்பன் இரு கை கூப்பித் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. சர்வேசுரன் புண்ணியத்தில் இங்கே நானும் என் சம்சாரம் ஆரோக்கியமும் பிள்ளைகளும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். தாங்களும் கஸ்பார் மச்சானும் சுரங்கத்துத் தூசியும் இருமலும் அண்டாமல் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். தாங்கள் தாங்கள் என்று எழுதினால் தாசில்தாருக்கு மனுப் போடுகிற மாதிரி இருக்கிறது. இனி நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கோபப்பட வேண்டியவன் நான்தான்.

உன் கடிதம் வந்தது. தம்பி செத்தானா பிழைத்தானா என்று ஒரு வரி இல்லை. எடுத்த எடுப்பிலேயே, 'உங்க முதலாளி சோறே திங்கறதில்லையாமே, சந்திரனுக்குப் போனவங்க முழுங்கின மாத்திரையத்தான் தினம் ஒண்ணு முழுங்கறாராமே, நெசமா?' என்று கேட்டிருக்கிறாய். குழாயடியில் பொம்பளைகள் எல்லாம் உன்னைச் சூழ்ந்துகொண்டு கேட்கிறார்களாம், சமையற்காரனின் கூடப்பிறந்த அக்காவுக்கே தெரியாதது வெட்கக்கேடாம். அக்கா, குழாயடியில் நீ தலை நிமிர்ந்து குடம் வைப்பதற்காக நான் முதலாளி வீட்டு ரகசியத்தை எழுத வேண்டுமா? எழுதத்தான் போகிறேன், நெஞ்சு தாங்கவில்லை. ஆனால் படித்ததும் அடுப்பில் போடு. மச்சானுக்குச் சொல். குழாயடிக்குச் சொன்னாயோ, நான் உன் தம்பி இல்லை.

கிருஷ்ணப்ப முதலாளியை உனக்குத் தெரியும். உன் கலியாணத்துக்கு ஒரு பஸ்ஸையே அனுப்பிவிட்டு, தானும் பந்தியில் உட்கார்ந்து மறுபடி மறுபடி கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரே, அவர்தான். தாயார் பேரில் பெரியம்மாள் மோட்டார் சர்வீஸ், அப்புறம் எண்ணெய் மில், அரிசி மில். அரூர், பென்னாகரம், ஏரியூர் என்று எந்தப் பக்கம் போனாலும் அவர் பஸ்தான். ஒவ்வொரு பஸ்ஸிலும் டிரைவர் தலைக்கு மேலே சாமி படம், சாமிக்குப் பக்கத்தில் முதலாளி படம். அந்தத் தொந்தி இருக்கிறவரை பஸ் நிற்காது என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. எதிரே வருவது கிளீனரானாலும் கலெக்டரானாலும், தம் வீட்டுக் கன்னடத்தில் 'ஊட்டா ஆயித்தா?' என்பார். சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம். 'ஆச்சுங்க' என்று சொன்னால்தான் வழி விடுவார். ஆகவில்லை என்றவனை நேரே என் அடுப்படிக்கு அனுப்பிவிடுவார், அப்புறம் எனக்குத்தான் வேலை.

வினை ஆரம்பித்தது தீர்த்தமலையில். வருஷா வருஷம் மாசித் திருவிழாவில் முதலாளி தராசில் உட்கார்ந்து எடைக்கு எடை வெல்லம் கொடுப்பார். மலையடிவாரத்தில் ஜில்லாவே கூடியிருக்கும். அவர் உட்கார்ந்ததும் தட்டு தரையில் இடிக்கும், எதிர்த்தட்டில் அடுக்கிக்கொண்டே போவார்கள், போன வருஷம் கொண்டுபோன வெல்லம் பத்தாமல் கடைக்கு ஆள் ஓடியது. இந்த வருஷம் பாதி மூட்டைகளை அவிழ்க்கவே இல்லை, முதலாளி சர்ரென்று மேலே போய்விட்டார். வெல்லக்காரன் தராசைத் தட்டித் தட்டிப் பார்த்தான். கோஷம் போட வாயைத் திறந்த ஜனம் திறந்தபடியே நின்றது. மற்ற மனிதன் இளைத்தால் அவன் பெண்டாட்டிக்குத் தெரியும். எங்கள் முதலாளி இளைத்தது அன்று பொழுது சாய்வதற்குள் அரூர் சந்தை வரை தெரிந்துவிட்டது.

அன்று பிடித்தது சனி. டீக்கடையில் சர்க்கரை வியாதி என்றார்கள். நல்லம்பள்ளிப் பக்கம், சர்க்கரையாவது ஒன்றாவது, செய்வினை, வாசலில் முட்டை புதைத்திருக்கிறது என்றார்கள். பென்னாகரம் பஸ்ஸில் ஒருவன், எலெக்சனுக்கு நிற்கப் போகிறார், ஏழை மாதிரித் தெரிய வேண்டும் என்று பட்டினி கிடக்கிறார் என்று அடித்துச் சொல்ல, பின் சீட்டுக்காரன் இல்லை இல்லை சினிமாவில் நடிக்கப் போகிறார் என்று எழுந்திருக்க, கண்டக்டர் விசில் ஊதி விலக்கிவிட்டானாம். உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்று 'கிருஷ்ணப்பன் மெலிந்தது ஏன்?' என்று கொட்டை எழுத்தில் போட்டு, உள்ளே ஒன்றும் தெரியாததால் விளக்கெண்ணெயின் மகிமையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தது. அமெரிக்காவில் படிக்கும் முதலாளி மகன் ஒரு சத்து மாத்திரைப் புட்டி அனுப்பினான், தபால்காரர் பார்சலைக் குலுக்கிப் பார்த்தார், உன் சந்திர மாத்திரை அப்படித்தான் பிறந்தது. இத்தனை பேரும் கடைசியில் வந்து எட்டிப் பார்ப்பது என் கூடைக்குள். ஒரு நாள் பாகற்காய் வாங்கினேன், சாயங்காலத்துக்குள் சர்க்கரை வியாதி உறுதியாயிற்று. ஆரோக்கியத்துக்கு முழங்கால் வலி என்று முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டு போனேன், மறுநாள் எங்கள் தெருவில் ஒரு முருங்கை மரத்திலும் இலை இல்லை. காய்கறிக்கடைக் காசியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'சவுரி அண்ணே, எங்கிட்ட மட்டும் சொல்லு, அவரு என்னதான் திங்கறாரு?' என்றாள். 'சோறுதான் திங்கறாரு' என்றேன். 'போண்ணே, மறைக்கிற' என்று கோபித்துக்கொண்டு சொத்தைக் கத்தரிக்காயாகப் பார்த்துக் கூடையில் போட்டாள்.

விஷயம் இதுதான் அக்கா. தொண்டையில் கட்டி. மெட்ராசில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். இளநீர், கஞ்சித் தெளிவு, அதுவும் ஒரு மிடறு இறங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. முதலாளியம்மா போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆயிற்று, பக்கத்தில் நாங்கள்தான். மகன் வந்து நாற்காலியில் உட்காரும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது, தெரிந்தால் பங்காளிகள் ஆளுக்கொரு பஸ்ஸாகப் பிரித்துக்கொண்டு போவார்கள், அத்தனை டிரைவர் கண்டக்டர் குடும்பமும் நடுத்தெருவில் நிற்கும் என்று மேனேஜர் குப்புராஜ் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். வாங்கியதோடு விட்டாரா? ஊர் வாயை அடைக்க ஒரு யோசனையும் சொன்னார். நான் தினம் கறிக்கடைக்குப் போக வேண்டும், எல்லாரும் பார்க்க நல்ல ஆட்டுக்கறியாகக் கேட்டு வாங்க வேண்டும், கூடையை மூடாமல் கடைத்தெரு வழியாக நடந்து வர வேண்டும்.

நான் வேதக்காரன். இது தபசுக்காலம், நாற்பது நாள் நோன்பு. அது மட்டுமா, சாம்பல் புதனன்று மாதா பீடத்தின் முன்னால் முழந்தாளிட்டு ஒரு நேர்ச்சை செய்திருந்தேன். பாஸ்குப் பண்டிகை வரை கறி மீன் தொடமாட்டேன், ஒருவேளைச் சோறுதான், அதற்குப் பதிலாக முதலாளிக்குத் தொண்டை திறக்க வேண்டும். ஆரோக்கியத்திடம்கூடச் சொல்லவில்லை, வெளியே சொன்னால் பலிக்காது என்று நம் அம்மா சொல்லுமே. சரி, வாங்கத்தானே சொல்கிறார், தின்னச் சொல்லவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனேன். முதல் நாள் கறியை அடுப்படியில் வைத்துக்கொண்டு இதை என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து மணி அடித்தது. முதலாளிக்குக் குரல் போய்விட்டது, வெறும் காற்றுதான் வருகிறது, காதை வாயருகில் கொண்டுபோய்த்தான் கேட்க வேண்டும்.

'என்னடா வாசனை?'

'கறிங்க. மேனேஜரு வாங்கச் சொன்னாருங்க.'

'கொழம்பு வெச்சு மேல எடுத்தா. என் எதிர்ல உக்காந்து தின்னு. நான் பாக்கறேன்.'

'நானுங்களா? உங்க முன்னாலயா?'

'பின்னே குப்புராஜையா? அவன் திங்கறதப் பாத்தா எனக்கு நோவு ஜாஸ்தியாயிடும். நீ தின்னு, சவுரி.'

நேர்ச்சை என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். பசி அக்கா. எத்தனையோ பேருக்குச் சோறு போட்ட மனுஷன் முகத்தில் அப்படி ஒரு பசி. நேரே போய்க் குழம்பு வைத்தேன்.

அன்றிலிருந்து தினம் மத்தியானம் இதே கூத்து. எதிரே இலை போட்டு நான் உட்கார வேண்டும். 'எப்படி இருக்குது?' என்பார். 'நல்லா இருக்குதுங்க' என்றால் போதாது. 'நல்லா இருக்குதுன்னா? உப்பு பத்துச்சா? கறி பூப்போல வெந்துச்சா, இழுக்குதா? வெவரமா சொல்லேன்டா.' நான் விவரமாகச் சொல்வேன், சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டு வாயை மென்றபடி கேட்பார். நல்லி எலும்பை உறிஞ்சுகிற சத்தம் அவர் காதுக்குக் கேட்க வேண்டும், கேட்கவில்லை என்றால் மறுபடி உறிஞ்ச வேண்டும். ரசத்துக்கு முன்னால் மோருக்குக் கை போனால், 'எந்த ரயிலுக்குப் போற?' என்று கோபிப்பார். கை கழுவப் போனால், 'இன்னொரு வாய், எனக்காக' என்பார். வெள்ளிக்கிழமைகளில் ஒகேனக்கல் மீன் என்று ஒப்பேற்றினேன், சாமியார் மன்னித்தாலும் என் நேர்ச்சை மன்னிக்குமா? ஒவ்வொரு கவளத்துக்கும் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விழுங்கினேன். இவர் தொண்டை திறக்கட்டும் என்று பட்டினி நேர்ந்தவன் இவர் எதிரிலேயே தின்கிறேனே, நான் தின்னத் தின்ன அல்லவா அந்தக் கட்டி வளர்கிறது என்று நினைத்துக்கொண்டே அடுத்த கவளத்தைப் பிசைவேன்.

பொறுக்க முடியாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பங்குச் சாமியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், தூங்கிவிட்டாரோ என்று கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். 'பசிச்சவனுக்குச் சோறு போடச் சொல்லியிருக்குது' என்றார். 'பசிச்சவன் முன்னால உக்காந்து நீ திங்கறது புண்ணியமா பாவமான்னு எனக்கே புரியலப்பா. எதுக்கும் ஒரு ஐம்பத்துமூணு மணி செபம் சொல்லிடு. சாப்பாட்டுக்கு அப்புறமா சொல்லு.' இவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தீர்ப்பு.

இதற்கு நடுவில் நான் பருத்துவிட்டேன். கோயிலில் எல்லாரும் தபசுக்காலத்தில் கன்னம் ஒட்டி நிற்க, நான் மட்டும் சட்டைப் பொத்தான் தெறிக்க நிற்கிறேன். ஆரோக்கியம் ஒரு நாள் வூட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டாள். 'ஏங்க, முதலாளி எளைக்கிறாரு, நீங்க ஊதறீங்க. அவரு சோத்த நீங்க திங்கறீங்கன்னு ஊரே பேசுது. வெளிய தலை காட்ட முடியல.' ஊர் பேசியதிலேயே உண்மையான வதந்தி அது ஒன்றுதான்.

நேற்றுப் பெரிய வெள்ளி. என்ன ஆனாலும் இன்று கறிக்கடைக்குப் போகமாட்டேன், என் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படாது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவர் பயந்தபடியே ஆயிற்று. கறிக்கடை மாதையன் எனக்கென்று தொடைக்கறியை எடுத்துத் தொங்கவிட்டுக் காத்திருந்தானாம், பொழுது ஏறியும் நான் வரவில்லை. 'சவுரி வரல' என்று ஆரம்பித்தது, 'முதலாளி சாப்பிடல' என்று ஆகி, மத்தியானத்துக்குள் 'முதலாளி போயிட்டாரு' என்று முடிந்தது. ஐயோ அக்கா, நீ பார்த்திருக்க வேண்டும். டிரைவர்கள் பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு வந்துவிட்டார்கள், டிக்கெட்டு வாங்கிய ஜனமும் கூடவே இறங்கி வந்துவிட்டது. வாசலில் பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்து மாரடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், ஆளுயர ரோஜா மாலையோடு ஒரு மண்டிக்காரர் லாரியிலிருந்து இறங்குகிறார். உயிரோடு இருக்கிற மனுஷன் மாடியில் படுத்துக்கொண்டு தன் ஒப்பாரியைக் கேட்கிறார்.

'என்னை எழுப்பி நிறுத்து' என்றார். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் குப்புராஜ். ஜரிகை வேட்டிக்குள் தலையணையைச் சுற்றிக் கட்டி, மேலே சால்வை போர்த்தி, மாடி முகப்புக்குக் கொண்டுபோனோம். கைப்பிடிச் சுவருக்குக் கீழே நான் குந்திக்கொண்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். சாப்பிட்டு எழுந்தவர் மாதிரி வயிற்றைத் தடவிக் காட்டினார். ஜனங்களுக்கு நம்பிக்கை வரவில்லை, சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குப்புராஜ் குனிந்து என் காதில், 'ஏப்பம் விடுய்யா' என்றார். 'நானா?' 'அவரால முடியுமா? வாயத் தொறக்கச் சொல்றேன், நீ விடு.' பெரிய வெள்ளிக்கிழமை, மூன்று மணி ஆராதனைக்குக் கோயிலில் மணிக்குப் பதில் கட்டை தட்டுகிற நேரம், முந்தின நாளிலிருந்து காய்ந்து கிடக்கிற வயிறு. மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டு ஒன்று விட்டேன் பார். எங்கிருந்து வந்ததோ, கடைத்தெரு வரை கேட்டதாம்.

மாரடித்த பொம்பளைகள் சிரித்துவிட்டார்கள். முதலாளி கையை வாயருகில் கொண்டுபோய், விரலைக் குவித்து, ஜனங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஊட்டா ஆயித்தா என்று கேட்கிறார் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அத்தனை பேரும் ஒரே குரலில், 'ஆச்சுங்க முதலாளி!' என்றார்கள். டிரைவர் கிழவர் ஒருவர் அழுதுகொண்டே சொன்னார். நான் சுவருக்குக் கீழே குந்தியபடி வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதேன். மண்டிக்காரர் மாலையை என்ன செய்வது என்று தெரியாமல், 'முதலாளி நல்லா இருக்கணும்னு கொண்டாந்தேனுங்க' என்று சொல்லி மாடிக்கே கொடுத்தனுப்பிவிட்டுப் போனார். முதலாளி அதைத் தடவிப் பார்த்தார். 'நல்ல மாலை. தண்ணி தெளிச்சு வையி, வாடிடப் போவுது' என்றார். குப்புராஜ் வெளியே போய்விட்டார்.

படுக்க வைத்ததும் என்னைப் பார்த்து, 'உனக்கு ஆயித்தா?' என்றார். 'இல்லீங்க, இன்னைக்கு எங்களுக்கு ஒருசந்தி, ஒண்ணும் சாப்பிடக் கூடாதுங்க' என்றேன். முகம் மலர்ந்துவிட்டது அக்கா, அப்படி ஒரு சந்தோஷம். 'அப்ப இன்னைக்கு நானும் நீயும் ஒரே பந்தி' என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் எலும்பைத் தவிர ஒன்றும் இல்லை.

என்னால் இனி முடியாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். மச்சானிடம் சொல்லி அந்தச் சுரங்கத்து கேண்டீனில் எனக்கு ஒரு வேலை பார். பாத்திரம் கழுவுகிற வேலையானாலும் சரி, யார் முகத்தையும் பார்த்துக்கொண்டு தின்னாத வேலையாக இருந்தால் போதும். மகனுக்குத் தந்தி போயிருக்கிறது, திங்கட்கிழமை வந்துவிடுவான். அவனிடம் அவரை ஒப்படைத்துவிட்டு ஆரோக்கியத்தையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். முதலாளியைப் பற்றிக் கவலைப்படாதே, இன்று காலையில் இரண்டு மிடறு இளநீர் நோகாமல் இறங்கியது. ஒரு நாள் ஒழுங்காக ஒருசந்தி இருந்ததற்கே மாதா மனம் இரங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன். இன்று என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை, ஆகவே நேற்றைய ஒருசந்தியை நானும் முறிக்கவில்லை. 'நாளைக்கு உங்க பண்டிகை. கறி, கோழி, பாயசம் எல்லாம் வெச்சிடு. ஒரேயடியா பாத்துக்கறேன்' என்று சொல்லியிருக்கிறார். நாளை நேர்ச்சையும் முடிகிறது, பாவமில்லாமல் தின்பேன்.

மச்சானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். உயிர்த்த ஆண்டவர் உங்கள் வூட்டை நோய் நொடி இல்லாமல் காப்பாராக. உன் குழாயடிக்கு, முதலாளி நன்றாகச் சாப்பிடுகிறார் என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி,
சவுரியப்பன்

பின்குறிப்பு: ஞாயிறு மத்தியானம். கேண்டீன் வேலைக்குச் சொல்லிவிடாதே. பாஸ்குப் பூசை முடிந்து விடிகிற நேரம் நேரே அவரிடம் போனேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார். ஊட்டா ஆயித்தா என்றுதான் கேட்டார், எனக்குத் தெரியும். பச்சைத் தண்ணீர் படாத வாயால், 'ஆச்சுங்க' என்று சொல்லி வயிற்றைத் தடவிக் காட்டினேன். சரி என்று தலையை ஆட்டிய மாதிரி இருந்தது. அவ்வளவுதான் அக்கா, போய்விட்டார். மகன் வரும்வரை வெளியே தெரியக்கூடாது என்று குப்புராஜ் அழுதுகொண்டே என் கையில் கூடையைக் கொடுத்தார். போனேன். இன்று பண்டிகை என்பதால் எல்லாரும் சிரித்த முகமாகக் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்கள். மாதையன், 'முந்தாநாளு முதலாளி விட்ட ஏப்பம் எங்க வூடு வரைக்கும் கேட்டுதுங்க' என்று சொல்லி நல்லி எலும்பாகப் பார்த்துப் போட்டான். புது மாலை வாங்கினால் தெரிந்துவிடும், அந்த ரோஜா மாலையைத்தான் போட்டிருக்கிறோம், தண்ணீர் தெளித்து வைத்ததில் வாடவில்லை. கறி, கோழி, பாயசம் எல்லாம் அவர் சொன்னபடியே வைத்துவிட்டேன். அவர் எதிரில் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆச்சுங்க என்று சொல்லிவிட்டேனே, அதை நிஜமாக்கவாவது ஒரு வாய் தின்றுவிடலாம் என்று பார்க்கிறேன். இறங்க மாட்டேன் என்கிறது அக்கா.